வீட்டுத் தோட்டத்தில் தைலமரம்: பெங்களூருவில் வளர்த்தும் பராமரித்தும் கண்டவை

பெங்களூருவில் தனி வீடும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, தோட்டத்தில் நிற்கும் தைலமரத்தை வைத்துக்கொள்ளலாமா அல்லது எடுத்துவிடலாமா என்பதுதான். மரம் எந்த இடத்தில் நிற்கிறது, சிறு வயதில் அதை யார் எப்படிக் கவாத்து செய்தார்கள் என்ற இரண்டையும் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேர் எதிரான விடைகளைக் கொண்ட இரண்டு மரங்கள் இருந்ததால், அவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால், ஒரு காலத்தில் ராகி விளைந்த செம்மண் நிலத்தில், என் மாமனார் 1990-களில் வாங்கிய 15 குண்டே (ஏறத்தாழ 37 சென்ட்) மனையில் எங்கள் வீடு இருக்கிறது. வாங்கும்போதே கிழக்கு வேலியை ஒட்டி ‘மைசூர் கம்’ என்று வனத்துறையினர் சொல்லும் தைலமர வகையைச் சேர்ந்த ஒரு மரம் நின்றது. மேற்கு மூலையில், வீடு கட்டி முடித்த கையோடு, எலுமிச்சை வாசம் வீசும் தைலமரக் கன்று ஒன்றை நாங்களே நட்டோம். முதலாவது மரத்தைக் கடந்த குளிர்காலத்தில் எடுத்துவிட்டோம். இரண்டாவது மரம் இன்று மூன்று மாடி உயரத்தையும் தாண்டி நிற்கிறது. அதை எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

இந்த மரத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பழையது. பெங்களூருவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நந்தி மலையில் 1790 வாக்கில் திப்பு சுல்தானின் தோட்டத்தில் நட்ட மரங்களிலிருந்துதான் இந்தியாவின் தைலமர வரலாறு தொடங்குவதாகச் சொல்வார்கள். மைசூர் கம் என்ற கலப்பு வகையும் அங்கிருந்து பரவியதுதான். நீலகிரிக்கு 1843-இல் வந்து, பிறகு விறகுக்காகத் தோட்டம் தோட்டமாக வளர்ந்தது வேறு இனம். கர்நாடகத்தின் வறண்ட மாவட்டங்களில் 1980-களின் சமூகக் காடுகள் திட்டத்தின்போது ராகி வயல்களெல்லாம் தைலமரத் தோப்புகளாக மாறின. அதை எதிர்த்து 1983-இல் துமகூரு பக்கத்து விவசாயிகள் நாற்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கடைசியில், நிலத்தடி நீரைக் காரணம் காட்டி, 2017-இல் மாநில அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. ஆகவே, கர்நாடகத்தில் இருப்பவர்கள் புதுக் கன்று நட நினைத்தால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். நான் கன்று நடுவதைப் பற்றிச் சொல்லும் பகுதி பெரும்பாலும் ஓசூர், குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கே பயன்படும். மற்றவை, ஏற்கெனவே வளர்ந்த மரத்தோடு வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில் தூரம். எலுமிச்சை வாசத் தைலமரம் நம் ஊர் மண்ணிலும் 30 மீட்டர் உயரத்தை எட்டக்கூடியது. அது விழுந்தால் எங்கே விழும் என்று மனத்துக்குள் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால், 60-க்கு 40 அடி மனையில் இந்த மரத்துக்கு இடமே இல்லை என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மனையில் நடுவதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. எங்கள் மேற்கு மூலை வீட்டுச் சுவரிலிருந்து 15 மீட்டருக்கும் அதிகமாகத் தள்ளி இருக்கிறது. மேலே மின்கம்பி இல்லை. கழிவுநீர்த் தொட்டியும் நிலத்தடி நீர்த்தொட்டியும் எதிர்ப்புறத்தில் இருக்கின்றன. வேரைப் பற்றிப் பலரும் ஆழத்தை நினைத்தே பயப்படுகிறார்கள். உண்மையில் பெரும்பான்மையான வேர்கள் மேல் மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள், கிளைகளின் விரிவையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. அவை நல்ல அஸ்திவாரத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை; ஆனால், எங்காவது குழாய் இணைப்பில் நீர் கசிந்தால் அந்த ஈரத்தைத் தேடி வந்து, குழாய்க்குள் சல்லிவேர்களை நிரப்பிவிடும். செம்மண்ணில் இதற்கு மேல் பெரிய தொல்லை இல்லை. கரிசல் மண்ணில் கதை வேறு: மரம் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கும், மழையில் மறுபடி உப்பும், அந்த அசைவில் சுவர் விரிசல் விடும். கரிசல் மண்ணில் வீடு வைத்திருப்பவர்கள் இன்னும் அதிகத் தூரம் விட வேண்டும்.

நடும்போது ஆள் உயரக் கன்றை வாங்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. நாற்றங்காலில் நீண்ட நாள் கிடந்த கன்றின் வேர்கள் பாலித்தீன் பைக்குள் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுருள் பிறகு தானாகப் பிரிவதில்லை. மரம் பெரிதானபின் அதே வேர்கள் அடிமரத்தை நெரிக்கும், காற்றில் பிடிமானமும் இருக்காது. முழங்கால் உயரம்கூட இல்லாத இளங்கன்று, ஓரிரு ஆண்டுகளிலேயே அந்தப் பெரிய கன்றைத் தாண்டிவிடும். ஜூன் மாதத்தில் பருவமழை நிலைத்த பிறகு, ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, எடுத்த மண்ணையே வேப்பம் புண்ணாக்குடன் கலந்து நிரப்பி நட்டோம். புண்ணாக்கு கரையானுக்காக, செம்மண் நிலத்தில் முதல் ஆண்டில் தைலமரக் கன்றைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி அல்ல, கரையான்தான். முட்டுக்கம்பு வைப்பதானால் கன்றோடு இறுக்கிக் கட்டாமல், இரு பக்கமும் இரண்டு கம்பு ஊன்றி, தண்டு காற்றில் சற்றே ஆடும்படி தளர்வாகக் கட்டி, மறு ஆண்டே அவிழ்த்துவிட வேண்டும். ஆடி ஆடித்தான் தண்டு பருக்கிறது. முதல் இரண்டு கோடையில் வாரத்துக்கு ஒரு முறை ஆழமாக நீர் விட்டோம். அதற்குப் பிறகு ஒரு குடம் நீர்கூட விட்டதில்லை, உரமும் போட்டதில்லை. போட்டால் மரம் சதைப்பிடிப்பாக வேகமாக ஓங்கும், ஆனால் கிளைகள் வலுவில்லாமல் போகும்.

இந்த மரத்தின் பராமரிப்பில் மிக முக்கியமான காலம், அதன் முதல் ஐந்தாறு ஆண்டுகள் என்பது என் கருத்து. கையெட்டும் உயரத்தில் இருக்கும்போதே நடுத்தண்டு ஒன்று மட்டும் மேலே போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு தண்டுகள் சம பலத்தோடு கவைபோலப் பிரிந்தால், அந்தக் கவையின் உட்புறத்தில் பட்டை மடிந்து சிக்கிக்கொள்ளும். வெளியே பார்க்க ஒட்டியிருப்பதுபோல இருந்தாலும் உள்ளே மரத்தோடு மரம் சேர்ந்திருக்காது. இருபது ஆண்டுகள் கழித்து ஏப்ரல் மாத மழைக்காற்றில் மரம் பிளப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இளம் மரத்தில் அதை ஒரு கத்தரியால் சரிசெய்துவிடலாம். பெருமரத்தில் அதே வேலைக்குக் கயிறு, ஆள், இயந்திர ரம்பம் எல்லாம் வேண்டும். எவ்வளவு செலவு செய்தாலும் முழுமையாகச் சரியாவதும் இல்லை. எங்கள் மைசூர் கம் மரத்தை யாரோ என்றோ விறகுக்காக அடியோடு வெட்டியிருந்தார்கள். அது இரண்டு தண்டாகத் துளிர்த்து, அந்த இரண்டுமே பெருமரமாகிவிட்டன. பிற்பாடு அதை எடுக்க நேர்ந்ததற்கு அதுதான் மூலகாரணம்.

கிளையை அறுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல ஒரு தடித்த வளையம் தெரியும். அறுப்பு அந்த வளையத்துக்குச் சற்று வெளியே இருக்க வேண்டும். வளையத்தையும் சேர்த்துத் தண்டோடு வழித்து அறுத்தால் காயம் மூட வெகு நாளாகும். முழம் நீளம் விட்டு அறுத்தால் அந்த முண்டு அழுகி, அழுகல் தண்டுக்குள் இறங்கும். கனமான கிளையானால், முதலில் சற்றுத் தள்ளிக் கீழ்ப்புறத்திலிருந்து கால்பங்கு அறுத்து, பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட்டு, மீதி முண்டைக் கடைசியில் வளையத்துக்குச் சற்று வெளியே அறுத்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை விழும் கனத்தில் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும். வெட்டுவாயில் தாரோ பெயின்ட்டோ பூசுவதால் பயனில்லை. செந்நிறப் பிசின் வடிந்து உறைவதைப் பார்த்துச் சிலர் மரத்துக்கு நோய் வந்துவிட்டதாக அஞ்சுவார்கள். அது மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் மருந்து. இந்த வேலைகளை நாங்கள் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வைத்துக்கொள்கிறோம்.

வளர்ந்த மரத்துக்கு மனிதர்கள் செய்யும் மிகப் பெரிய கேடு, தலையை மொட்டையடிப்பது. உயரத்தைக் கண்டு பயந்து, பாதியில் வெட்டிவிட்டால் மரம் அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். வெட்டிய இரண்டாவது மாதமே, வெட்டுவாயைச் சுற்றிப் பட்டைக்குள் உறங்கிக்கிடந்த மொட்டுகள் எல்லாம் விழித்து, துடைப்பக் கட்டுபோலக் குச்சிகள் கிளம்பின. அவை மூன்று நான்கு ஆண்டுகளில் பழைய உயரத்தை எட்டிவிட்டன; ஆனால், இயல்பான கிளை மரத்தின் உள்ளிருந்தே கணுவாக வளர்ந்து பிடிப்பதுபோல இவை பிடிப்பதில்லை; மேல்தோலை ஒட்டியே நிற்கின்றன. கீழே வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்க, மேலே பாரம் கூடிக்கொண்டே போனது. ஒரு மே மாதப் புழுதிக்காற்றில் அதில் ஒன்று முறிந்து, நிறுத்தியிருந்த காரின் மேல் விழுந்தது. எங்களுக்கு மரவேலை செய்யும் தர்மபுரிக்காரர் ஒருவர், முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் மரம் ஏறுகிறவர், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பழைய கிளைய நம்பிக் கயிறு போட்டு ஏறிடுவேன் சார். மொட்டையடிச்ச மரத்துல வர்ற கிளையில மட்டும் கால் வைக்க மாட்டேன்.” உயரம் அச்சமூட்டினால், உள்ளே காய்ந்த கிளைகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும், நுனியில் மிகக் கனத்தவற்றில் சிலவற்றையும் எடுத்துக் காற்று ஊடுருவ விடலாம். அதிலும் ஒரே தடவையில் பசுமையான பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

பெங்களூருவில் மரங்கள் அதிகம் விழுவது ஜூன் மாதப் பருவமழையில் அல்ல. ஏப்ரல், மே மாத மாலை நேரத்து இடிமழையில்தான். அதனால் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நான் மரத்தைச் சுற்றி வந்து பார்க்கிறேன். அடிமரத்தைச் சுற்றி மண்ணில் பிறைவடிவ விரிசல் இருக்கிறதா, ஒரு பக்கம் மண் மேடிட்டிருக்கிறதா, வேர்க்கழுத்தில் காளான் கிளம்பியிருக்கிறதா, மரச்சுத்தியலால் தட்டினால் எங்காவது ஓசை பொத்தலாகக் கேட்கிறதா என்பவைதான் பார்க்க வேண்டியவை. மரம் சாய்ந்து நிற்பதே ஆபத்து என்று சொல்ல முடியாது. சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்ப வேரைப் பலப்படுத்திக்கொள்ளும். நேராக நின்ற மரம் திடீரென்று சாயத் தொடங்கினால்தான் அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று, காற்றே இல்லாத வெயில் மதியத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பசுமையான பெருங்கிளை ஒன்று ஒடிந்து விழும் இயல்பு தைலமரத்துக்கு உண்டு. ஆகவே, நிழல் எவ்வளவு இதமாக இருந்தாலும் அதன் கீழ் ஊஞ்சலோ கயிற்றுக் கட்டிலோ போடுவதில்லை. வண்டி நிறுத்துவதும் இல்லை. விருந்தாளிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் சிரமம்.

கோடையில் எலுமிச்சை வாச மரம் பட்டை உரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சாம்பலும் இளஞ்சிவப்புமாக இருந்த மேல்பட்டை முதலில் விளிம்புகளில் லேசாகச் சுருளும். வெயில் ஏற ஏற, காய்ந்த அப்பளம் நொறுங்கும் ஓசையோடு செதில் செதிலாக உதிரும். உள்ளிருந்து வெளிப்படும் புதுப்பட்டை முதலில் வெளிர்பச்சையாகவும் சில நாளில் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்மையாகவும் இருக்கும். தடவினால் விரலில் மாவு ஒட்டும். உதிர்ந்த பட்டையையும் சருகையும் என்ன செய்வது என்பது இதன் மறுபக்கம். இலையில் எண்ணெய் இருப்பதால் தீ எளிதில் பற்றும். தோட்டத்தில் எரிக்கவே கூடாது, சுவரோரம் குவித்து வைக்கவும் கூடாது. மட்கவும் நாளாகும். நாங்கள் சருகை நொறுக்கி, சாணக்கரைசல் தெளித்து, மற்றத் தோட்டக் கழிவோடு கலந்து ஓராண்டு போட்டுவைத்த பிறகே செடிகளுக்கு இடுகிறோம். மட்காத சருகை நடைபாதையில் பரப்பினால் களை முளைப்பது குறைகிறது.

மழைநீர் சேகரிப்பு உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாடியில் விழும் சருகு நீரோடு ஊறினால், தொட்டிக்குள் போகும் நீர் தேநீர் நிறத்தில் வரும். நீர்த்தாரையின் வாயில் வலை போடுவதோடு நிறுத்திவிடாமல், முதல் மழையின் நீரை வெளியே விட்டுவிடும் திருகு அமைப்பும் வேண்டும். சூரிய வெந்நீர்க் கலன் இருந்தால் அதன் கண்ணாடிக் குழாய்களுக்கு நேர் மேலே வரும் கிளையை அகற்றிவிட வேண்டும்.

மரத்தடியில் எதுவும் முளைக்காது என்பது முற்றிலும் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. இலையிலிருந்தும் சருகிலிருந்தும் மண்ணில் சேரும் பொருட்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. ஆனால், எங்கள் மண்ணில் அதைவிடப் பெரிய தடை மேல்மண்ணின் வறட்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், விதையாக இடாமல் வேர்விட்ட செடிகளாக வைத்து நீர் ஊற்றியபோது மருளும் காகிதப்பூவும் நன்றாகவே வந்தன. ஓரத்தில் சோற்றுக்கற்றாழையும் பிழைத்துக்கொண்டது. கீரையும் தக்காளியும் தேறவில்லை. காய்கறிப் பாத்தியை மரத்திலிருந்து வெகு தள்ளி வைத்துக்கொள்வதே வழி.

நீரைக் குடிக்கும் மரம் என்ற குற்றச்சாட்டு அக்கம்பக்கத்தில் தவறாமல் வரும். கர்நாடகத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஹொசகோட்டே உள்ளிட்ட இடங்களில் நடந்த நீரியல் ஆய்வுகள் இதில் ஒரு தெளிவைத் தந்தன: மண் ஆழம் குறைந்த இடத்தில் இளம் தைலமரத் தோப்பு குடித்த நீர், உள்ளூர் இலையுதிர் காடு குடித்ததைவிட அதிகமில்லை, மண் மிக ஆழமாக இருந்த இடத்தில், வேர் ஆண்டுக்காண்டு கீழே இறங்கி, பெய்த மழையைவிட அதிகமாகவே எடுத்துக்கொண்டது. ஏக்கர் கணக்கில் தோப்பு போட்டால் நீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் போவது நிச்சயம். அந்த வகையில் தடை நியாயமானது என்பேன். ஒரு வீட்டின் ஒற்றை மரம், பல நூறு அடி ஆழத்தில் பாறை வெடிப்பிலிருந்து நீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணற்றை வற்றச் செய்யாது. பக்கத்தில் ஆழமில்லாத திறந்த கிணறு இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

பூச்சித் தொல்லை குறைவு. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு தென்னிந்தியாவில் பரவிய ஒரு சிறு குளவி, தைலமரத்தின் இலைநரம்பிலும் காம்பிலும் முட்டையிட்டு, அங்கே முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்கிறது. மைசூர் கம் மரத்தின் அடித்துளிர்களில் அதைப் பார்த்தோம். எலுமிச்சை வாச மரத்தில் பார்த்ததில்லை. பெருமரத்துக்கு அதனால் ஆபத்து இல்லை, மருந்தடிக்கவும் தேவையில்லை. பூக்கும் காலத்தில் பகலில் தேனீயும் தேன்சிட்டும், இரவில் பழந்தின்னி வௌவாலும் வருகின்றன. உயரமான கிளையில் மலைத்தேனீ கூடு கட்டினால் புகை போட்டு விரட்ட ஆள் அழைக்காமல், அந்தப் பக்கம் விளக்கு எரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பருவம் முடிந்ததும் அவை தாமாகவே இடம் மாறிவிடும்.

சளிக்கு ஆவி பிடிக்க இலை கேட்டு வருகிறவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது, மருந்துக்கடையில் விற்கும் நீலகிரித் தைலம் வேறு இனத்தின் இலையிலிருந்து வருகிறது என்பதுதான். எலுமிச்சை வாச மரத்தின் எண்ணெயில் மிகுதியாக இருப்பது சிட்ரோனெல்லால். அது கொசுவை விரட்டவும் சோப்புக்கும் வாசனைக்கும் உதவும், மார்ச்சளிக்கு அல்ல. எந்தத் தைலமானாலும் குழந்தைகள் சில மில்லிலிட்டர் விழுங்கினாலே ஆபத்து. எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

மைசூர் கம் விஷயத்துக்கு வருகிறேன். கடந்த ஆண்டு அதன் இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் இருந்த கவையில் மழைநீர் தேங்கி, கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல் தெரிந்தது. வேலிக்கு அப்பால் பிள்ளைகள் பள்ளி வண்டிக்கு நிற்கும் இடம். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும். தைலமரம், சவுக்கு, சில்வர் ஓக் போன்ற சிலவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும், நகர எல்லைக்குள் இருப்பவர்கள் மாநகராட்சியின் வனப்பிரிவில் எழுதிக் கொடுத்து, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதே நல்லது. இல்லையென்றால் பாதி வெட்டிய நிலையில் தெருவே கூடிவிடும். மரம் ஏறுகிறவர் மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினார். அடிமரத் துண்டுகளைச் சாரக்கம்பு வியாபாரி வாங்கவில்லை, அவருக்கு நேரான இளங்கழிகள்தான் வேண்டும். பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் விறகாக எடுத்துக்கொண்டார்.

தைலமரத்தை வெட்டினால் வேலை அதோடு முடிவதில்லை. அடிக்கட்டை உயிரோடு இருக்கும். வேர்க்கழுத்தில் உள்ள முண்டில் சேமித்த உணவைக் கொண்டு மறுபடி மறுபடி துளிர்க்கும். நாங்கள் கட்டையைத் தரையோடு தரையாக அறுத்து, பட்டையைச் சுற்றிலும் உரித்து, ஒளி புகாத கறுப்புத் தார்ப்பாயால் மூடி, மேலே மண் போட்டு வைத்திருக்கிறோம். ஓரங்களில் தலைகாட்டும் துளிரை மாதம் ஒரு முறை சென்று கையாலேயே ஒடித்துவிட வேண்டும். விரல் பருமன் ஆகும்வரை விட்டால் அரிவாள் தேவைப்படும். அந்த இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இந்த ஜூன் மாதம் ஒரு புங்கன் கன்று வைத்தோம். பழைய வேர்கள் மட்கும்வரை அதற்கு ஈரம் போதாது என்பதால், தைலமரத்துக்கு ஒருபோதும் செய்யாத ஒன்றை அதற்குச் செய்கிறோம்: கோடை முழுவதும் சொட்டு நீர்க்குழாய்.